குழம்பினேனா, குழப்பினேனா? ‘கன்ஃப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் கேட்டிருந்த மாற்றம் எனக்குப் புரியவில்லை. ‘ஐ ஆம் கன்ஃப்யூசிங்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘எ லிட்டில், யெஸ்’. பக்கத்து இருக்கை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காரணம் விளங்க மாலை ஆகிவிட்டது. ‘நான் ஆளைக் குழப்புகிற பேர்வழி’ என்று எழுதியிருக்கிறேன். அவரும் ‘கொஞ்சம் அப்படித்தான்’ என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் இந்தச் சொல்லை விடாமல் துரத்தினேன். கடைசியில் கைகொடுத்தது வீட்டில் பேசுகிற தமிழ்தான். ‘கன்ஃப்யூஸ்’ என்ற சொல்லில் நாம் தடுமாறுகிற இடங்கள் பலவற்றுக்குத் தமிழிலேயே சாவி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: சொல்லின் வேரைப் பிடியுங்கள்

‘கன்ஃப்யூஸ்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் ‘கன்ஃபுண்டெரே’ என்றால் ‘ஒன்றாகச் சேர்த்து ஊற்றுதல்’. ‘ஃபுண்டெரே’ என்பது ஊற்றுவது, ‘கன்’ என்பது சேர்ந்து. உலோகத்தை உருக்கி ஊற்றும் ‘ஃபவுண்டரி’, ரத்தம் ஏற்றும் ‘டிரான்ஸ்ஃப்யூஷன்’, உருகி ஒன்றாகும் ‘ஃப்யூஷன்’, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ‘ரீஃபண்ட்’ எல்லாம் இதே குடும்பம்தான்.

இரண்டு பாத்திரத்தில் தனித்தனியாக இருந்ததை ஒன்றில் கொட்டிவிட்டால் இனி எது எது என்று பிரிக்க முடியாது. மனதில் அப்படி நடந்தால் அது கன்ஃப்யூஷன்.

இதைப் படித்ததும் எனக்கு அடுப்பங்கரைதான் நினைவுக்கு வந்தது. புளிக்கரைசலும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்ந்து கொதித்து, எதையும் தனியாக எடுக்க முடியாமல் ஆனதைக் குழம்பு என்கிறோம். மனம் அப்படி ஆனால் ‘குழம்பிவிட்டேன்’ என்கிறோம். பெயரும் வினையும் ஒரே சொல். தமிழ் இந்த வேலையை ஒரு தடவையோடு விடவில்லை. ‘மயங்கு’ என்பதற்கும் பழைய பொருளில் கலத்தல் உண்டு. பள்ளி இலக்கணத்தில் வரும் ‘மெய்ம்மயக்கம்’ இரண்டு மெய்கள் அடுத்தடுத்துச் சேர்ந்து வருவதுதான், யாரும் மயங்கி விழுவதில்லை. ‘கலங்கு’ என்பதும் அப்படியே: குளத்து நீரும் கலங்கும், மனமும் கலங்கும். இதற்கு எதிர்ச்சொல்லாக நீருக்கும் மனதுக்கும் ‘தெளிவு’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்.

ஆக, இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மிகப் பொருத்தமான தமிழ் ‘குழம்பு, குழப்பு, குழப்பம்’. அகராதியில் பத்து பொருள் போட்டிருந்தாலும் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியே இவற்றின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: ‘ம்ப’வா, ‘ப்ப’வா?

நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் குழம்பு வேறு, குழப்பு வேறு. குழம்புவது தானாக நடப்பது. குழப்புவது பிறருக்குச் செய்வது. நடுவில் இருக்கும் மெல்லின மெய் வல்லினமாக மாறினால் தன்வினை பிறவினையாகிவிடும். திரும்பு – திருப்பு, அடங்கு – அடக்கு, திருந்து – திருத்து, கலங்கு – கலக்கு, மயங்கு – மயக்கு எல்லாம் இந்த வாய்பாடுதான். பேசத் தொடங்கிய குழந்தைகூட இதில் தவறுவது அரிது. (‘கலக்கிட்டே!’ என்று பாராட்டுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

ஆங்கிலம் இதே வேறுபாட்டைச் சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. குழம்பிய நிலைக்கு இ, டி என்ற இரண்டு எழுத்தில், அதாவது ‘இடி’ என்று முடியும் ‘கன்ஃப்யூஸ்ட்’. குழப்பும் தன்மைக்கு ‘ஐஎன்ஜி’ என்று முடியும் ‘கன்ஃப்யூசிங்’. ‘ம்ப’ வந்தால் இடி, ‘ப்ப’ வந்தால் ஐஎன்ஜி. அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் தவறுகிறோம்? பேச்சில் நாம் வினையை விட்டுவிட்டு ‘குழப்பமா இருக்கு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘எனக்குக் குழப்பமா இருக்கு’, ‘இந்த ஃபாரம் குழப்பமா இருக்கு’ இரண்டிலும் ஒரே சொல். குழம்பியது யார், குழப்பியது எது என்பது அதில் மறைந்துபோகிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைக்கும்போது எந்த வாலை ஒட்டுவது என்று தெரியாமல் நிற்கிறோம்.

அதனால் வாயைத் திறக்கும் முன் அந்த ‘குழப்பமா இருக்கு’ என்பதை வினையாக மாற்றிப் பாருங்கள். ‘எனக்குக் குழப்பமா இருக்கு’ என்றால் நான் குழம்பியிருக்கிறேன். ‘ம்ப’. ஆகவே ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்’. ‘ஃபாரம் குழப்பமா இருக்கு’ என்றால் ஃபாரம் என்னைக் குழப்புகிறது. ‘ப்ப’. ஆகவே ‘த ஃபார்ம் இஸ் கன்ஃப்யூசிங்’.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு வேறொரு குறுக்குவழி சொல்வார்கள்: ஆள் என்றால் இடி, பொருள் என்றால் ஐஎன்ஜி. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். ஆளும் குழப்பலாம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பேசும் மேலாளர் ‘கன்ஃப்யூசிங்’ ஆன மனிதர்தான். முன்னுக்குப் பின் முரணாக எழுதிய அறிக்கை ‘கன்ஃப்யூஸ்ட்’ ஆன அறிக்கை, அதாவது குழம்பிய அறிக்கை. குறுக்குவழி இந்த இரண்டிலும் கவிழ்ந்துவிடும். ‘ம்ப – ப்ப’ கவிழாது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் ‘ஆம், இஸ், ஆர், வாஸ்’ போன்ற சொற்களுக்குப் பின்னாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும் வடிவங்களுக்கு மட்டும். நேரடி இறந்தகாலத்தில் ‘த நோட்டீஸ் கன்ஃப்யூஸ்ட் மீ’ என்று வரும். அறிவிப்பு என்னைக் குழப்பியது. அங்கே இருக்கும் இடி வெறும் காலம் காட்டுகிற இடி. அதேபோல ‘யூ ஆர் கன்ஃப்யூசிங் மீ’ சரியான வாக்கியம்: நீங்கள் என்னைக் குழப்புகிறீர்கள். யாரை என்ற கேள்விக்குப் பதிலாக ‘மீ’ இருக்கிறது பாருங்கள். என் மின்னஞ்சலில் அந்த ‘யாரை’ இல்லை, அதனால்தான் அது என் குணத்தைப் பற்றிய வாக்குமூலமாகிவிட்டது.

இது பிடிபட்டுவிட்டால் இன்னொரு பழைய தவறும் சேர்ந்தே போய்விடும். ‘எனக்கு போர் அடிக்குது’ என்பதற்கு ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! அதற்கு ‘நான் ஒரு அறுவை’ என்று பொருள். அனுபவித்தவர் நீங்கள் என்றால் ‘போர்ட்’. ‘இன்ட்ரெஸ்டட்’, ‘டயர்ட்’, ‘ஷாக்ட்’ எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: உணர்ந்தவர் யார், உணர வைத்தது எது?

மூன்றாம் படி: பின்னால் வரும் சின்னச் சொல்

‘அபௌட்’, ‘பை’, ‘வித்’ மூன்றும் வரும். மூன்றுக்கும் வேலை வேறு.

எதைப் பற்றிக் குழப்பம் என்றால் ‘அபௌட்’. தேதியைப் பற்றி, விதிமுறையைப் பற்றி. எதனால் குழம்பினோம் என்றால் ‘பை’. அந்தப் பலகையால், அவர் பதிலால். இவை இரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்தாலும் குடிமுழுகிப் போகாது.

‘வித்’தான் ஆபத்து. ‘கன்ஃப்யூஸ் ஏ வித் பி’ என்றால் ஒன்றை இன்னொன்று என்று தவறாக எண்ணிக்கொள்வது. திண்டிவனத்தையும் திண்டுக்கல்லையும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. இங்கே ‘பீப்பிள் கன்ஃப்யூஸ் திண்டிவனம் வித் திண்டுக்கல்’ என்பது கச்சிதமான ஆங்கிலம். இரட்டையரில் அண்ணனைத் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுவதும் இதுதான். ஊற்றிக் கலந்த அந்த லத்தீன் பாத்திரம் இந்தப் பயன்பாட்டில்தான் நன்றாகத் தெரிகிறது.

இப்போது ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட் வித் திஸ் கொஸ்டின்’ என்பதைப் பாருங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் கறாராகப் படிப்பவருக்கு, யாரோ உங்களைப் பார்த்து ‘இதுதான் அந்தக் கேள்வி’ என்று நினைத்துவிட்டதாக ஒரு கணம் தோன்றும். ‘பை’ என்றோ ‘அபௌட்’ என்றோ எழுதிவிட்டால் வம்பு இல்லை.

நான்காம் படி: கன்ஃப்யூஷன் என்ற பெயர்ச்சொல்

இது பெரும்பாலும் எண்ண முடியாத பெயர். தண்ணீர் மாதிரி. ஆகவே ‘எ கன்ஃப்யூஷன்’, ‘மெனி கன்ஃப்யூஷன்ஸ்’ என்பதைவிட ‘சம் கன்ஃப்யூஷன்’, ‘எ லாட் ஆஃப் கன்ஃப்யூஷன்’ என்பதே வழக்கம். ‘ஐ ஹேவ் எ கன்ஃப்யூஷன்’ நம் நாட்டு ஆங்கிலம். அதையே ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட் அபௌட் சம்திங்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

மனதுக்குள் நடப்பது மட்டும் கன்ஃப்யூஷன் ஆகாது. கூச்சல், தள்ளுமுள்ளு, யார் எங்கே என்று தெரியாத அமளிக்கும் அதே சொல்தான். ‘இன் த கன்ஃப்யூஷன்’ என்றால் ‘அந்தக் களேபரத்தில்’. நம் ‘குழப்பம்’ என்ற சொல்லும் ‘கூச்சல் குழப்பம்’ என்று அங்கே வரை போகிறது. யாழ்ப்பாணத்தில் பிள்ளையை அதட்டும்போது ‘குழப்படி செய்யாதே’ என்பார்கள். நாம் சேட்டை என்பது அவர்களுக்குக் குழப்படி.

பழைய ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் இருந்தது: அவமானம், தோல்வி. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 71-ஆம் சங்கீதம் ‘என்னை ஒருபோதும் கன்ஃப்யூஷனுக்கு ஆளாக்காதிரும்’ என்ற வேண்டுதலோடு தொடங்கும். தமிழ் பைபிளில் அதே இடத்தில் இருக்கும் சொல் ‘வெட்கம்’. இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வழக்கிழந்துவிட்டது. பழைய நூல் படிக்கும்போது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அலுவலகத்தில் இந்தப் பெயர்ச்சொல்லுக்கு ஒரு தனி மவுசு உண்டு. ‘தேர் சீம்ஸ் டு பி சம் கன்ஃப்யூஷன்’ என்று எழுதினால் யார் தவறு என்று சொல்லாமலே தவறு நடந்ததைச் சொல்லிவிடலாம். வானத்திலிருந்து விழுந்த குழப்பம் போல. ‘சாரி ஃபார் த கன்ஃப்யூஷன்’ என்பதும் அப்படித்தான். பாதி மன்னிப்பு, பாதி மழுப்பல். ஆனால் ‘யூ ஆர் கன்ஃப்யூஸ்ட்’ என்று எதிராளியைப் பார்த்து எழுதாதீர்கள். ‘உனக்குப் புத்தி தெளிவாக இல்லை’ என்று சுடும். இன்னொன்று: வெளிநாட்டவர் ‘ஐ ஆம் எ பிட் கன்ஃப்யூஸ்ட்’ என்று தொடங்கினால் உண்மையிலேயே குழம்பியிருக்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். ‘நீங்கள் சொன்னது எனக்கு ஏற்பில்லை’ என்பதன் நாகரிக வடிவமாகவும் அது வரும்.

ஐந்தாம் படி: எங்கே இந்தச் சொல்லைப் போடக்கூடாது

‘எந்தப் புடவை எடுக்கறதுன்னு ஒரே கன்ஃப்யூஷன்’ என்கிறோம். இங்கே குழப்பம் எதுவும் இல்லை. இரண்டு புடவையும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, விலையும் தெரியும். முடிவெடுக்கத்தான் முடியவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஐ கான்ட் டிசைட்’ போதும். இரண்டுமே மனதை இழுத்தால் ‘ஐ ஆம் டோர்ன்’. கிழிபடுகிறேன் என்று பொருள். எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று தவிக்கும்போதும் இதுதான். நேர்முகத்தேர்வில் ‘அடுத்து என்ன செய்யலாம் என்பதில் ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்’ என்றால் உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லிவிடலாம்.

அடுத்தது ‘டவுட்’. வகுப்பில் கைதூக்கி ‘சார், டவுட்’ என்று கேட்டே வளர்ந்தோம். தமிழில் சந்தேகம் என்றால் தெரியாததைக் கேட்பதும் ஆகும், நம்பாததும் ஆகும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘டவுட்’ என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒருவர் விளக்கி முடித்ததும் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால், ‘நீங்கள் சொல்வதை நம்ப முடியவில்லை’ என்று அவர் காதில் விழலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று கேளுங்கள். விளக்கமே புரியவில்லை என்றால் தயங்காமல் ‘கன்ஃப்யூஸ்ட்’.

ஆறாம் படி: உச்சரிப்பு

அழுத்தம் இரண்டாவது அசையில், ‘ஃப்யூ’வில். முதல் அசையை ‘கான்’ என்று இழுக்க வேண்டாம். ‘கன்’ என்று மெலிதாகத் தட்டிவிட்டுப் போனால் போதும். ‘கன்ஃப்யூஸ்’ கடைசியில் வருவது ‘ஸ்’ இல்லை, தேனீ ரீங்காரமிடும் இசட் ஒலி. ‘கன்ஃப்யூஷன்’ நடுவில் இருப்பது ‘டெலிவிஷன்’, ‘மெஷர்’ சொற்களில் வரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ‘ஷ’ போட்டுச் சமாளிக்கிறோம். அந்த ஒலியை அகராதிகள் சில நேரம் இசட், எச் என்ற இரண்டு எழுத்தால் குறிக்கும். நாமோ அதே இரண்டு எழுத்தால் ழகரத்தைக் குறிக்கிறோம். ‘குழப்பம்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் வெள்ளைக்காரர் ‘குஷப்பம்’ மாதிரி படிப்பதற்கு இதுவே காரணம்.

ஏழாம் படி: துறைக்குள் போனால் பொருள் இறுகும்

மருத்துவக் குறிப்பில் ‘பேஷன்ட் இஸ் கன்ஃப்யூஸ்ட்’ என்று இருந்தால், டாக்டர் சொன்னது நோயாளிக்குப் புரியவில்லை என்று பொருள் இல்லை. தான் எங்கே இருக்கிறோம், இது எந்த மாதம், எந்த ஆண்டு என்ற பிடிமானம் அவருக்குத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். 1974-இல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற மருத்துவர்கள் இருவரும் வெளியிட்ட, நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் ‘கிளாஸ்கோ கோமா அளவுகோல்’ இதற்கு மதிப்பெண்ணே வைத்திருக்கிறது. பேச்சுக்கான மொத்தம் 5. நினைவுத் தெளிவோடு பதில் சொன்னால் 5. வாக்கியமாகப் பேசினாலும் இடம், காலம் தடுமாறினால் 4, அதன் பெயர்தான் ‘கன்ஃப்யூஸ்ட்’. பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வைத்திருக்கும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 2017-இல் ‘நியூ கன்ஃப்யூஷன்’ என்பதைச் சேர்த்தார்கள். இந்த முறையில் மதிப்பெண் கூடக்கூட ஆபத்து. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால் அதற்கு 3 மதிப்பெண். ஒரு அம்சத்துக்கு அதிகபட்சமே அதுதான். வீட்டில் பெரியவர்கள் யாராவது திடீரென்று இப்படி ஆனால் ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.

கணினித் துறையில் ‘கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்’ என்று ஒரு அட்டவணை உண்டு. கையெழுத்து எண்களைப் படிக்கக் கற்ற ஒரு நிரல் எத்தனை தடவை 1-ஐ 7 என்று வாசித்தது, எத்தனை தடவை சரியாக வாசித்தது என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டும். மூன்றாம் படியில் பார்த்த ‘ஒன்றை இன்னொன்று என்று எண்ணுதல்’தான் இங்கே அட்டவணையாகியிருக்கிறது. பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் திண்டிவனம், திண்டுக்கல்தான்.

எட்டாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

எல்லாவற்றுக்கும் ‘கன்ஃப்யூஸ்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எழுத்து சலிக்கும். இதன் சொந்தக்காரர்களில் நாலைந்து பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

‘பர்ப்ளெக்ஸ்ட்’ என்பதன் வேரில் இருப்பது பின்னிப் பிணைதல். நம் ‘சிக்கல்’. நூலின் நுனி கிடைக்காமல் கவலையோடு உட்கார்ந்திருக்கும் மனநிலை. ‘மடில்ட்’ என்பது சேற்றைக் கிளறுவதிலிருந்து வந்தது, அதாவது கலங்கிய குட்டை. யோசனைகள் ஒழுங்கில்லாமல் கிடப்பதற்கு. ‘பிவில்டர்ட்’ எனக்குப் பிடித்த சொல். அதற்குள் ‘வைல்ட்’ என்ற காடு ஒளிந்திருக்கிறது. வழி தெரியாமல் காட்டில் விடப்பட்டவரின் திகைப்பு அது. முதன்முதலாகத் தனியாகச் சென்னை வந்து, அதிகாலையில் பேருந்து நிலையத்தில் இறங்கி, நாலு பக்கமும் ஆட்டோக்காரர்கள் கூப்பிட நின்றவருக்கு ‘கன்ஃப்யூஸ்ட்’ போதாது, ‘பிவில்டர்ட்’தான் சரி. ‘பஸில்ட்’ இவ்வளவு கனம் இல்லை. புதிரைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவது. ‘பேஃபில்ட்’ என்பது எவ்வளவு முயன்றும் பிடிபடாதது. துப்புக் கிடைக்காத வழக்கில் போலீசாரை ஆங்கில நாளிதழ்கள் இந்தச் சொல்லால்தான் வருணிக்கும்.

கடைசியாக ஒரு வேடிக்கைச் சொல்: ‘டிஸ்கம்பாபுலேட்டட்’. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், லத்தீன் மாதிரி ஒலிக்கட்டும் என்று விளையாட்டாகக் கட்டிய சொல் இது. தலைகால் புரியாமல் நிலைகுலைந்து போவதற்குச் சொல்வார்கள். விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து வெளியே வந்ததும் ஒரு பலகை தொங்கும்: ‘ரீகம்பாபுலேஷன் ஏரியா’. கழற்றிய பெல்ட்டையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு பழையபடி மனிதராகும் இடம்! 2008-ஆம் ஆண்டின் மிகக் கற்பனை வளமிக்க சொல்லாக இதை அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் தேர்ந்தெடுத்தது. நண்பர்களிடம் பேசும்போது ‘டிஸ்கம்பாபுலேட்டட்’ என்பதைத் தாராளமாக விடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தில் வேண்டாம்.

பயிற்சி

கீழே இருப்பதை மனதுக்குள் ஆங்கிலமாக்கிப் பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த பஸ் அட்டவணை குழப்பமா இருக்கு.
‘திஸ் பஸ் டைம்டேபிள் இஸ் கன்ஃப்யூசிங்.’

புது விதிமுறை பற்றி எல்லாருக்கும் குழப்பம்.
‘எவ்ரிஒன் இஸ் கன்ஃப்யூஸ்ட் அபௌட் த நியூ ரூல்.’

என்னை என் அக்கான்னு நினைச்சுட்டாங்க.
‘தே கன்ஃப்யூஸ்ட் மீ வித் மை சிஸ்டர்.’

மாடி வீடா, கீழ் வீடான்னு ஒரே கன்ஃப்யூஷன்.
‘ஐ கான்ட் டிசைட் பிட்வீன் த அப்ஸ்டேர்ஸ் ஹவுஸ் அண்ட் த டவுன்ஸ்டேர்ஸ் ஒன்.’ கன்ஃப்யூஷனே இல்லை, பார்த்தீர்களா?

நானே குழம்பிப் போயிருக்கேன், நீ வேற குழப்பாதே.
‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட் இனஃப் ஆல்ரெடி, டோன்ட் கன்ஃப்யூஸ் மீ எனி மோர்.’